ஐம், இஸன்ட், டோன்ட் போன்ற ஆங்கிலச் சுருக்கங்களைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு "ஐ ஆம்" என்பது "ஐம்" ஆவதையும் "டூ நாட்" என்பது "டோன்ட்" ஆவதையும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. பட்டியலை மடமடவென்று ஒப்பிக்கிற பிள்ளைதான் எழுதும்போது அப்பாஸ்ட்ரஃபி (') என்ற குறியைத் தப்பான இடத்தில் போடும். சின்ன வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், நோட்டுத் திருத்தும்போது அதிகம் கண்ணில் படுவது இதுதான்: "இஸன்ட்" என்று எழுதச் சொன்னால் ஐ-எஸ் எழுதி, உடனே அப்பாஸ்ட்ரஃபி போட்டு, அப்புறம் என்-டி எழுதுவார்கள். குறி வரவேண்டியது என்னுக்கும் டிக்கும் நடுவில்.

இதில் பிள்ளையின் பக்கம் நியாயம் இருக்கிறது. நாம் வழக்கமாக "ஐம்", "ஷீஸ்" (ஷீ இஸ்), "வீல்" (வீ வில்) இவற்றில்தான் ஆரம்பிக்கிறோம். இவற்றிலெல்லாம் இரண்டாவது சொல்லின் தலைப்பகுதி விழுந்துபோகிறது. அதனால் சொற்கள் ஒட்டும் இடமும் எழுத்து காணாமல் போன இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. "ரெண்டு வார்த்தை ஒட்டுற இடத்துல குறி போடணும்" என்று பிள்ளை தானாகவே ஒரு விதியை உண்டாக்கிக்கொள்கிறது. "நாட்" சேரும் சொற்களில் விழுவது அதன் நடுவில் உள்ள ஓ என்பதால், அவை வந்ததும் அந்த விதி காலை வாரிவிடும். ஆகவே முதல் பாடத்திலேயே "ஷீஸ்", "இஸன்ட்" இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

அதற்கு நான் செய்வது: ஒரு காகிதப் பட்டையில் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு எழுத்தாக "இஸ் நாட்" எழுதச் சொல்வேன். நடுவே உள்ள இடைவெளியை மடித்து இரண்டு சொல்லையும் ஒட்டவைப்பேன். குறி இன்னும் வரக்கூடாது. அடுத்து ஓ எழுத்தை மட்டும் கத்தரித்து மேசைமேல் வைக்கச் சொல்வேன். "ஓ எங்கே உட்கார்ந்திருந்தது?" என்று கேட்டால் பிள்ளை அந்த ஓட்டையில் விரலை வைக்கும். அந்த இடத்தில் மேலாகச் சிவப்புப் பென்சிலால் குறி போடச் சொன்னால் வேலை முடிந்தது. மறுபடி ஓவை எடுத்து அதன் இடத்தில் வைத்து முழுச் சொல்லாக வாசிக்கவும் சொல்லுங்கள். சுருக்குவதைவிட விரிக்கத் தெரிவதுதான் பின்னால் கைகொடுக்கும்.

சுருக்குவது தமிழ் பேசும் பிள்ளைக்குப் புதிதல்ல. "வந்திருக்கிறான்" என்பதை "வந்திருக்கான்" என்றுதான் அது நாள் முழுக்கச் சொல்கிறது. வாய் அவசரத்தில் விழுங்கும் எழுத்துக்கு ஆங்கிலம் எழுத்தில் ஒரு அடையாளம் வைக்கிறது, அவ்வளவே.

வாசிப்பு முதலில், எழுத்து அப்புறம். 2013-இல் வெளியான இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டமும் அப்படித்தான் பிரித்திருக்கிறது. முதலாம் ஆண்டில் இந்தச் சொற்களை வாசித்து, குறி எதற்காக என்று புரிந்துகொண்டால் போதும். ஸ்பெல்லிங்காக எழுதுவது இரண்டாம் ஆண்டில். ஆறு வயதுப் பிள்ளை எழுதத் திணறினால் பதற வேண்டாம்.

"கான் நாட்" என்பது "கான்ட்" ஆகும்போது ஓவோடு ஒரு என் எழுத்தும் சேர்ந்து போகிறது, அதைப் பட்டையிலேயே காட்டிவிடலாம். "வோன்ட்" மட்டும் எந்தக் கத்தரிக்கும் அடங்காது. "வில் நாட்" என்பதில் எதை வெட்டினாலும் அது வராது. பழைய ஆங்கிலப் பேச்சில் "வில்" என்பதற்கு "வோல்" என்றும் ஒரு வடிவம் இருந்தது, அதன் மிச்சம் இது. பிள்ளைகளிடம் "இது ஒண்ணு மட்டும் அடம் பிடிக்கும், அப்படியே ஞாபகம் வச்சுக்கோ" என்றால் போதும்.

"அதனுடைய" என்ற பொருளில் வரும் குறியில்லாத "இட்ஸ்", "இட் இஸ்" சுருங்கி வரும் "இட்ஸ்" இரண்டையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். பல பயிற்சித் தாள்களில் ஜோடியாகத்தான் போட்டிருப்பார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டும் குழம்புவதற்கு அதுவே வழி. குறியுள்ளது நன்றாகப் பதியட்டும், சில வாரம் கழித்து மற்றதைக் கொண்டுவாருங்கள். எழுதும்போது சந்தேகம் வந்தால் "இட் இஸ்" என்று விரித்து வாசிக்கச் சொல்லுங்கள். வாக்கியம் சரியாக வந்தால் குறி உண்டு. ("இட் ஹாஸ்" சுருங்கியும் "இட்ஸ்" ஆகும், அதை மூன்றாம் வகுப்புக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.)

இன்னொன்று, பாடம் பிடித்துப்போன பிள்ளை எல்லாவற்றையும் சுருக்கத் தொடங்கும். "ஆர் யூ ரெடி?" என்று கேட்டால் "யெஸ், ஐம்" என்று பதில் வரும். அந்த இடத்தில் "யெஸ், ஐ ஆம்" என்று முழுசாகத்தான் சொல்ல வேண்டும். இதற்கு விளக்கம் எதுவும் வேண்டாம். நீங்கள் சரியாக ஒருமுறை திருப்பிச் சொன்னால் பிள்ளை காதாலேயே பிடித்துக்கொள்ளும். "நோ, ஐம் நாட்" என்பதில் சுருக்கலாம், அதையும் கூடவே கேட்க வையுங்கள்.