ஜெராக்ஸ் எடுத்தா தேசத்துரோகமா?

கேள்வி: அரசாங்க ரகசியத்த பெரிய அதிகாரிங்களே வெளிய விட்டா அது தேசத்துரோகம்தானே? ஏன் யாரையும் தூக்குல போட மாட்டேங்கறாங்க?
— ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: கோவம் புரியுது சார். ஆனா ரகசியத்த வெளிய விட்டதுக்கு தேசத்துரோகம்னு ஒரு செக்‌ஷனே நம்ம சட்டத்துல கிடையாது. பழைய இந்திய தண்டனைச் சட்டம், அதான் ஐபிசி, அதோட 124ஏ-வ பேப்பர்ல அப்படி எழுதி எழுதி நமக்கு பழகிப்போச்சு, அது அரசாங்கத்து மேல வெறுப்ப கிளப்பற பேச்சுக்கு போட்டது, ஃபைல் கடத்தறதுக்கு இல்ல. அதுக்குன்னு இருக்கறது வெள்ளைக்காரன் 1923ல போட்ட அரசு ரகசியச் சட்டம். உளவு, அதுவும் ராணுவ சமாச்சாரம்னா 14 வருஷம் வரைக்கும் உள்ள போகலாம், சொல்லக்கூடாத ஆள்கிட்ட சொன்னதுக்கு 3 வருஷம் வரைக்கும். தூக்கெல்லாம் அதுல இல்ல.

1985 ஜனவரி ஞாபகம் இருக்கா? ராஜீவ் பிரதமராகி மூணு மாசம்கூட ஆகல, அவர் ஆபீஸ் ஃபைலே வெளிய போய் ஜெராக்ஸ் ஆகி வெளிநாட்டு தூதரக ஆளுங்க கைக்கு போயிட்டிருந்தது, கூலி கொஞ்சம் பணம், விஸ்கி பாட்டிலு! மாட்டினதுல நிறைய பேரு பி.ஏ., ஸ்டெனோன்னு சின்ன நாற்காலிக்காரங்க. மேல இருந்த, பிரதமரோட முதன்மைச் செயலர் பி.சி. அலெக்சாண்டர் தன் ஆபீஸ் ஆளே சிக்கிட்டாரேன்னு ராஜினாமா பண்ணார், அவர் மேல கேஸ் எதுவும் இல்ல, 1988ல நம்ம தமிழ்நாட்டுக்கே கவர்னரா வந்தார். தீர்ப்பு வந்தது 2002ல, அதுக்குள்ள முக்கியமா குற்றம்சாட்டப்பட்ட குமார் நாராயண் செத்தே போயிட்டார்.

2019ல இன்னொரு ஜெராக்ஸ். ரஃபேல் விமானம் வாங்கின ஃபைல் தி இந்து பேப்பர்ல வந்துச்சு. அட்டர்னி ஜெனரல் வேணுகோபால் கோர்ட்ல திருடு போச்சுன்னார், ரெண்டே நாள்ல இல்லயில்ல நான் சொன்னது ஜெராக்ஸ்தான்னார். அந்த ஃபைல கோர்ட் பாக்கவே கூடாதுன்னு அரசாங்கம் சொன்னத சுப்ரீம் கோர்ட் ஏப்ரல் 10ஆம் தேதி தள்ளிடுச்சு.

முதல்ல சொன்னத துரோகம்னே திட்டுங்க, நானும் கூட சேந்து திட்டறேன். ரெண்டாவது நம்ம வரிப்பணத்து கணக்கு, அத எப்படிங்க துரோகம்னு சொல்றது? ஆனா நூறு வருஷ பழைய சட்டத்துக்கு இந்த வித்தியாசம் சரியா தெரியல, அங்கதான் எனக்கு கடுப்பு. ராக்கெட் ரகசியத்த வித்தார்னு 1994ல இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன உள்ள தள்ளினாங்க, எல்லாம் பொய்னு சிபிஐ 1996லயே சொல்லியும் 50 லட்சம் நஷ்டஈடு குடுங்கன்னு சுப்ரீம் கோர்ட் சொல்ல 2018 ஆச்சு. அதனால துரோகிங்கற வார்த்தைய எடுத்தவுடனே வீச எனக்கு பயம் சார்.

கேள்வி: ரகசியம்னு சீல் குத்திட்டா ஆர்டிஐ-ல கேக்க முடியாதா?
— இன்னொரு வாசகர், தேனி

பதில்: கேக்கலாம்மா. ஆர்டிஐ, அதான் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 8(2)னு ஒண்ணு இருக்கு, மறைக்கறத விட சொல்றதுலதான் பொதுநலன் ஜாஸ்தின்னா ரகசியச் சட்டத்தையும் தாண்டி குடுக்கலாம். மனுவுல அந்த நம்பர மறக்காம எழுதுங்க, அப்பீலுக்கும் ஒரு காப்பி எடுத்து வெச்சுக்குங்க.