ஊர் மாறிய அணியும் பழைய சட்டையும்

கேள்வி: வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில், வேறு ஊருக்குப் போய்விட்ட அணிகள் பழைய ஊரின் சட்டையை அணிந்து ஆடுவது மரியாதையா, வியாபாரமா?
(வாசகர், திருச்சி)

பதில்: இரண்டும்தான், எது எவ்வளவு என்பதில்தான் வழக்கு. கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் ஆடிவந்த வேலர்ஸ் அணி, 1997-இல் வட கரோலினாவுக்குக் குடிபெயர்ந்து கரோலினா ஹரிகேன்ஸ் ஆனது. நெடுங்காலம் ஓரங்கட்டப்பட்டிருந்த பழைய அடையாளம், 2018-இல் நிர்வாகம் கைமாறிய பின்னர் மீண்டும் வெளியே வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 23 அன்று, ஹரிகேன்ஸின் ஊரான ராலியில் பாஸ்டன் புரூயின்ஸ் அணியை எதிர்த்து வீரர்கள் வேலர்ஸின் பச்சைச் சட்டையில் இறங்க, அந்த அணிக்கே உரிய 'பிராஸ் பொனான்ஸா' இசை அரங்கில் முழங்கியது. ஆட்டத்தையும் 5-3 என்று வென்றார்கள். மேலே திமிங்கிலத்தின் வால், கீழே 'டபிள்யூ', இரண்டுக்கும் நடுவே விட்ட வெற்றிடத்தில் 'எச்' என்று அமைந்த அந்தச் சின்னம் இன்றும் நன்றாக விற்பனையாகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

என் பார்வையில், சட்டையைவிட அதிலுள்ள எண்களே உண்மையான சோதனை. ஓர் எண்ணுக்கு ஓய்வளிப்பது என்றால், அதை அணிந்த வீரரைக் கௌரவித்து, இனி வேறு யாருக்கும் தராமல் ஒதுக்கிவைப்பது. இரு ஊர்களிலும் ஆடிய ரான் ஃபிரான்சிஸின் 10-ஆம் எண்ணுக்கு ராலி ஓய்வளித்தது பாராட்டுக்குரியது. ஆனால் ரிக் லேவைக் கௌரவித்து ஹார்ட்ஃபோர்டு ஓய்வளித்திருந்த 2-ஆம் எண், ஊர் மாறியதும் மீண்டும் புழக்கத்துக்கு வந்து, பிற்பாடு ராலியில் கிளென் வெஸ்லியின் பெயரில் ஓய்வு பெற்றது. ஹார்ட்ஃபோர்டு ரசிகர்கள் பச்சைச் சட்டையைக் கண்டு முழுமனதுடன் கைதட்டாவிட்டால், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.