ஒட்ட ஒட்ட விட்டுப்போகும் லேப்டாப் ஹிஞ்ச்

கேள்வி: நான்கு வருடமாகப் பயன்படுத்தும் லேப்டாப். மூடியைத் திறக்கும்போது இடது மூலையில் 'டக்'கென்று சத்தம் கேட்கிறது. ஸ்கிரீனைச் சுற்றியுள்ள சட்டம் வாய் பிளக்கிறது. சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினேன். இரண்டே நாளில் விட்டுவிட்டது. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா, புது மூடி வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: முதலில், திறந்து மூடுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஸ்கிரீனுக்குப் போகும் கேபிள் பெரும்பாலும் ஹிஞ்ச் (மூடியையும் அடிப்பாகத்தையும் இணைக்கும் கீல்) ஓரமாகத்தான் போகிறது. அது நசுங்கினால் செலவு வேறு மாதிரி ஆகிவிடும்.

உடைந்தது அநேகமாக ஹிஞ்ச் அல்ல. அது உலோகம், லேசில் உடையாது. அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள், மூடியின் பிளாஸ்டிக்கில் பதித்த பொடிப் பித்தளை மரைகளுக்குள் இறங்குகின்றன. நாளாக நாளாக ஹிஞ்ச் இறுகிப்போய், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த மரைகளை நெம்புகிறது. கழற்றிப் பார்த்தால், வேரோடு பிடுங்கிய பல் மாதிரி ஸ்க்ரூ நுனியில் பித்தளையும் அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் துணுக்குகளும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அதனால், இறுக்கத்தைக் குறைக்காமல் எந்தப் பசை போட்டாலும் வீண்தான். லேப்டாப்பை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பல ஹிஞ்ச்களில் தண்டின் நுனியில் ஒரு நட் இருக்கும். அதைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். மூடி நிற்க வேண்டும், ஆனால் முரண்டு பிடிக்கக் கூடாது. நட் இல்லாத வகை என்றால் ஹிஞ்சையே மாற்றிவிடுங்கள்.

அப்புறம்தான் பசை. சூப்பர் க்ளூ காய்ந்தால் மொறுமொறுப்பாகிவிடும், நெம்பும் விசையைத் தாங்காது. இரண்டு டியூபைக் கலந்து போடும் எபாக்சி வாங்குங்கள், அதிலும் மெதுவாக இறுகும் வகை. பழைய பசையைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிட்டு, மரையை அதன் இடத்தில் வைத்துச் சுற்றிலும் நிரப்புங்கள். அதற்கு முன் ஸ்க்ரூவில் துளி கிரீஸ் தடவி மரைக்குள் முடுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் எபாக்சி உள்ளே புகுந்து மரையையே அடைத்துவிடும். (எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆனது, ஊசியால் குடைந்து எடுத்தேன்.) ஒரு முழு நாள் தொடாதீர்கள். 'ஐந்தே நிமிடம்' என்று டியூபில் போட்டிருந்தாலும் சரி.

கழற்றிய ஸ்க்ரூக்களை இருந்த இடம் மாறாமல் வையுங்கள். குட்டை ஸ்க்ரூவின் இடத்தில் நீளமானதை முடுக்கினால் மறுபக்கம் துளைத்துக்கொண்டு வரும்.

மரை பதிந்திருந்த பிளாஸ்டிக்கே தூளாகியிருந்தால் எபாக்சிக்குப் பிடிமானம் கிடைக்காது. அப்போது புது மூடியே மேல். வெளிப்பக்க மூடி பெரும்பாலும் தனியாகவே கிடைக்கும், ஸ்கிரீனோடு சேர்த்து வாங்க வேண்டியதில்லை. அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணை முழுசாகக் கொடுத்துக் கேளுங்கள். கடைசி இரண்டு எழுத்து மாறினால்கூட ஸ்க்ரூ துளைகள் பொருந்தாமல் போகலாம்.