பஸ்ஸில் போன் திருடுபோனால் முதல் அரை மணி நேரம்

கேள்வி: கடலூரிலிருந்து புதுச்சேரியில் உள்ள கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். போன வாரம் கூட்டத்தில் என் தோழியின் போனை அடித்துவிட்டார்கள். மறுநாள் வங்கிக் கணக்கிலிருந்து பணமும் போய்விட்டது. போனில் லாக் இருந்தும் எப்படி எடுத்தார்கள்? புகாரை எந்த ஸ்டேஷனில் கொடுப்பது?

பதில்: போனைத் திறக்கவே வேண்டாம், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் போதும். அந்த எண்ணிலிருந்து போகும் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸை வைத்துத்தான் யு.பி.ஐ. செயலி கணக்கைக் கண்டுபிடிக்கிறது. அடுத்து புது பின் நம்பர் போட டெபிட் கார்டின் கடைசி 6 எண்கள், காலாவதி மாதம், ஓ.டி.பி. வேண்டும். ஓ.டி.பி. திருடியவன் கையிலிருக்கும் சிம்முக்கே வரும். கார்டு? அதைத்தான் பஸ் பாஸோடு சேர்த்துப் போனின் பின்கவரில் செருகி வைத்திருப்போமே! முதலில் அதை எடுத்துப் பையின் உள்ஜிப்பில் வையுங்கள்.

அடுத்து, சிம் லாக். போனின் செக்யூரிட்டி அமைப்பில் இருக்கிறது. இதைப் போட்டுவிட்டால், சிம்மை எந்தப் போனில் மாற்றினாலும் பின் கேட்கும். தொடக்க எண்ணை சிம் நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு மாற்றுங்கள். ஊகித்து மூன்று முறை தப்பாக அடித்தால், பூட்டிய சிம்மைத் திறக்கும் பி.யு.கே. எண் கேட்கும். அதையும் பத்து முறை தப்பாக அடித்தால் சிம் செத்துவிடும்.

*#06# அடித்தால் போனின் அடையாளமான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். இரட்டை சிம் போனில் இரண்டு எண்கள். இரண்டையும் நோட்டில் எழுதி, போன் வாங்கிய பில்லோடு வீட்டில் வையுங்கள். கூகுள் கணக்கின் பேக்கப் கோடுகளையும் அதே தாளில் எழுதுங்கள். இல்லையென்றால், வேறொருவர் போனிலிருந்து அந்தக் கணக்குக்குள் நுழையும்போது ‘நீங்கள்தானா?’ என்ற கேள்வி திருடியவன் கையிலிருக்கும் போனுக்குப் போய் நிற்கும்.

போன் போன பிறகு வரிசை முக்கியம். முதலில் பக்கத்திலிருப்பவர் போனிலிருந்து கூகுளின் தேடும் வசதி வழியாக உங்கள் போனைப் பூட்டுங்கள், இருக்கும் இடத்தையும் பாருங்கள். இதற்கு உங்கள் போனில் நெட் ஓட வேண்டும், ஆகவே சிம்மை முடக்குவதற்கு முன் செய்யுங்கள். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள். இடம் தெரிந்தாலும் தனியாகத் தேடிப் போக வேண்டாம், போலீஸிடம் காட்டுங்கள். பிறகு அதே நிறுவன சிம் உள்ள போனிலிருந்து 198-ஐ அழைத்து சிம்மை முடக்குங்கள். அடுத்த அழைப்பு வங்கிக்கு. யு.பி.ஐ., கார்டு இரண்டையும் நிறுத்தச் சொல்லி, புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தகவல் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க அதுதான் வழி.

இனி ஸ்டேஷன். எல்லையிலுள்ள முள்ளோடைக்கு வடக்கே திருட்டு நடந்தால் புதுச்சேரி போலீஸ், தெற்கே என்றால் கடலூர் மாவட்டப் போலீஸ். ஓடும் பஸ்ஸில் கிருமாம்பாக்கத்தில் போனதா, ஆற்றுப் பாலம் தாண்டிப் போனதா என்று யாருக்குத் தெரியும்? தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம்.

புகாரில் ‘தொலைந்தது’ என்று எழுதாதீர்கள். ‘எழுதிக் கொடும்மா, சீக்கிரம் முடியும்’ என்று யாராவது சொல்லலாம். அப்படி எழுதினால் அது திருட்டு வழக்காகாது. பில்லைக் காட்டி விலையையும் எழுதுங்கள். ₹5,000-க்குக் குறைந்த திருட்டு என்றால் கோர்ட் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாது.

புகார் நகல், பில், அடையாள அட்டை மூன்றையும் வைத்து திருட்டுப் போன்களை முடக்கும் அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் பதிந்தால், அந்த ஐ.எம்.இ.ஐ. எண் நாடு முழுக்க எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது. ஓ.டி.பி. வர வேண்டும் என்பதால் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டுப் பதியுங்கள். புது சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராமல் இருக்கலாம், பயப்பட வேண்டாம்.

தோழி இப்போதைக்கு செகண்ட் ஹேண்ட் போன் வாங்குவதாக இருந்தால், காசு கொடுக்கும் முன் அதன் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு அந்த 15 எண்கள். இதை 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அது முடக்கப்பட்ட போனா என்பது தெரிந்துவிடும்.