பூச்சிக்கும் ரேடியோவுக்கும் ஆன்டெனா ஏன் நீளமாக இருக்கிறது?

பூச்சியின் நீண்ட உணர்கொம்பும் ரேடியோ ஆன்டெனாவும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, ‘ஆன்டெனா’ என்ற பெயர்தான் ஒன்று. பாய்மரக் கப்பலில் பாயைத் தாங்கும் குறுக்குக்கழியைக் குறித்த லத்தீன் சொல் அது.

ரேடியோவில் நீளத்தை முடிவு செய்வது அலைநீளம், அதாவது அலையின் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தூரம். 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம். அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 75 செ.மீ. கம்பி, அதற்கு நன்றாக ஒத்திசையும்.

பூச்சியின் கதை இன்னும் அழகானது. உணர்கொம்புதான் அதற்கு மூக்கு, விரல், சிலவற்றுக்குக் காதும்கூட. கரப்பான் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே ஓடுவது அதை வைத்துத்தான். ஆண் கொசு பெண்ணின் சிறகொலியைக் கேட்பதும் அதன் வழியே. அப்புறம், ஆண் பட்டுப்பூச்சிக்கு நீளத்தைவிடப் பரப்புதான் முக்கியம்: சீப்புப் பற்கள்போல் கிளைத்த கொம்பு, காற்றில் வரும் பெண்ணின் வாசனை மூலக்கூறுகளை வடிகட்டிப் பிடிக்கிறது.