பேக்கப் இருக்கிறது, தரவைக் காணோம்: மோங்கோடிபி மீட்பு பற்றிக் கேள்வி பதில்

டெர்மினலில் கட்டளை தட்டி மோங்கோடிபி தரவுத்தளத்தை மீட்பது பற்றிக் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. மோங்கோடம்ப் பேக்கப் எடுக்கும் கட்டளை, மோங்கோரெஸ்டோர் அதைத் திருப்பி ஏற்றும் கட்டளை. மோங்கோடிபியில் ஒவ்வொரு பதிவும் ஓர் ஆவணம், ஆவணங்களின் தொகுப்பு ஒரு கலெக்‌ஷன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

செந்தூலிலிருந்து: அண்ணா, 'மோங்கோரெஸ்டோர் --டிபி கடை டம்ப்' என்று கொடுத்தேன். பிழை எதுவும் இல்லை. ஆனால் கடைசி வரியில் 0 ஆவணம் மீட்கப்பட்டது என்கிறது. பேக்கப்பே காலியா?

காலி இல்லை தம்பி. இரண்டு வரி மேலே போய்ப் பாருங்கள், 'கடை' என்ற துணை ஃபோல்டரை என்ன செய்வதென்று தெரியாமல் தாண்டிவிட்டதாகச் சொல்லியிருக்கும். மோங்கோடம்ப் எழுதும்போது டம்ப் ஃபோல்டருக்குள் ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனி ஃபோல்டர் போடும். அதற்குள் கலெக்‌ஷனுக்கு இரண்டு கோப்பு: தரவு உள்ள பிசன், இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) விவரம் உள்ள மெட்டாடேட்டா ஜேசன். --டிபி போட்டால் அந்த உள் ஃபோல்டரைக் காட்ட வேண்டும், அதாவது 'டம்ப்/கடை'. --டிபி இல்லாமல் 'டம்ப்' என்று மட்டும் கொடுத்தாலும் சரி, பெயரை அதுவே பார்த்துக்கொள்ளும். கோப்புகள் '.ஜிஇசட்' என்று முடிந்தால் --ஜிஸிப் சேர்க்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அவற்றையும் இதே மாதிரி தாண்டிப் போய்விடும்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: யாரோ கடையின் விலைப்பட்டியலைத் தாறுமாறாக மாற்றிவிட்டார்கள். நேற்றைய பேக்கப்பை மேலேயே ஏற்றினேன். விலை மாறவே இல்லை, 'இ11000' என்று பிழை மட்டும் கொட்டுகிறது. --டிராப் போட்டால் தீருமா?

கையை எடுங்கள், --டிராப் இப்போது வேண்டாம்.

மோங்கோரெஸ்டோர் சேர்க்க மட்டும்தான் செய்யும், இருப்பதைத் திருத்தாது. அதே '_ஐடி' (ஆவணத்தின் தனி அடையாளம்) உள்ள ஆவணம் ஏற்கெனவே இருந்தால், இரட்டை என்று பிழை காட்டிவிட்டு அடுத்ததற்குப் போகும். அதுதான் உங்கள் இ11000. --டிராப் போட்டால் பேக்கப்பில் உள்ள ஒவ்வொரு கலெக்‌ஷனையும் முதலில் அழித்துவிட்டு ஏற்றும். விலை திரும்பிவிடும், வாஸ்தவம்தான். ஆனால் இன்று காலையிலிருந்து போட்ட பில்களும் கூடவே போய்விடும். பேக்கப்பில் இல்லாத கலெக்‌ஷனை அது தொடாது என்பதால், முடிவில் நேற்றும் இன்றும் கலந்த ஒரு குழப்பம்தான் மிஞ்சும்.

ஓடிக்கொண்டிருக்கும் தரவின் மேல் நான் எதையும் ஏற்றுவதில்லை. பக்கத்திலேயே வேறு பெயரில் ஏற்றுவேன்:

மோங்கோரெஸ்டோர் --என்எஸ்இன்க்ளூட்='கடை.விலை' --என்எஸ்ஃப்ரம்='கடை.*' --என்எஸ்டு='கடை_நேற்று.*' டம்ப்

ஒற்றை மேற்கோள் குறி முக்கியம். அதை விட்டால் நட்சத்திரக் குறியை ஷெல் (டெர்மினலில் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) எடுத்துக்கொண்டு வேறு ஏதோ அர்த்தம் பண்ணிவிடும். இதே வரியில் --டிரைரன், --வெர்போஸ் இரண்டையும் சேர்த்து ஒருமுறை ஒத்திகை பாருங்கள், எதுவும் எழுதப்படாது. பிறகு நிஜமாக ஏற்றி, ஆவணங்களை எண்ணி, நான்கைந்து பொருளின் விலையைக் கண்ணால் பாருங்கள். சரியாக இருந்தால் அக்ரிகேஷனில் (தரவைக் கட்டம் கட்டமாகச் செயலாக்கும் வசதி) மெர்ஜ் கட்டம் வைத்து விலையை மட்டும் 'கடை'க்கு மாற்றலாம். மோங்கோடிபி 4.2 முதல் மெர்ஜ் வேறு டேட்டாபேஸுக்கும் எழுதும்.

பட்டர்வொர்த்திலிருந்து: பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் '.டபிள்யூடி' என்று முடியும் கோப்புகள் மட்டும்தான் கிடைத்தன. மோங்கோரெஸ்டோர் ஏற்க மறுக்கிறது.

ஏற்காது ஐயா. அவை டம்ப் கோப்புகள் அல்ல, மோங்கோடிபிக்காகத் தரவை டிஸ்க்கில் எழுதும் வயர்டைகர் எஞ்சினின் சொந்தக் கோப்புகள். அந்த ஃபோல்டர் முழுவதையும், ஜர்னல் ஃபோல்டர் உட்பட, முதலில் நகல் எடுங்கள். பழைய கணினியில் ஓடிய அதே மோங்கோடிபி பதிப்பை நிறுவி, --டிபிபாத் அந்த நகலைக் காட்டுமாறு மோங்கோடி என்ற சர்வர் நிரலை ஓட்டிப் பாருங்கள். எழுந்துவிட்டால் உடனே மோங்கோடம்ப் எடுத்துவிடலாம். --ரிப்பேர் கடைசி வழி, அதுவும் நகலின் மேல் மட்டும்.

பாயான் லெப்பாஸிலிருந்து: டாக்கருக்குள் (நிரலைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) மோங்கோ ஓடுகிறது. 'டாக்கர் எக்ஸெக் -ஐடி' போட்டு ஆர்க்கைவ் கோப்பை உள்ளே திருப்பினால், உள்ளீடு டிடிஒய் (டெர்மினல்) இல்லை என்கிறது.

-ஐ மட்டும் போடுங்கள், டி வேண்டாம். கோப்பைக் கன்டெய்னருக்குள் நகல் எடுக்கும் வேலையும் இல்லை. --ஆர்க்கைவ் என்று பெயர் தராமல் விட்டால் ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்து படித்துக்கொள்ளும்.

ஜார்ஜ் டவுனிலிருந்து: தம்பி, நாங்கள் கோயில் அன்னதான முன்பதிவை இதில்தான் வைத்திருக்கிறோம். புது சர்வரில் மீட்ட பிறகு, காலை 7 மணிப் பதிவெல்லாம் முந்தின நாள் இரவு 11 என்று காட்டுகிறது. சிலருடைய பிறந்த நாளும் ஒரு நாள் பின்னால் போய்விட்டது. பேக்கப் கெட்டுவிட்டதா?

கெடவில்லை அக்கா. மோங்கோடிபி எந்த நேரத்தையும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் வைக்கும், மீட்கும்போது அதில் ஒன்றும் மாறாது. மலேசிய நேரம் யுடிசிக்கு எட்டு மணி நேரம் முன்னால். பழைய சர்வரில் நேர மண்டலம் மலேசியாவுக்கு வைத்திருந்திருப்பார்கள், புதியதில் வைக்கவில்லை. செயலியின் நேர மண்டலத்தை 'ஏசியா/கோலா_லம்பூர்' என்று வையுங்கள், முன்பதிவு சரியாகிவிடும்.

பிறந்த நாளில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மண்டலத்தை மாற்றிய பிறகும் ஒரு நாள் பின்தங்குகிறவர்கள் எழுபதுகளில் பிறந்தவர்களா என்று பாருங்கள். அப்போது இங்கே நேரம் யுடிசிக்கு ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது, 1982 ஜனவரி 1 முதல்தான் எட்டு. பழைய நிரல் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு எட்டு மணி நேரத்தைக் குறைத்துச் சேமித்திருந்தால், 1975இல் பிறந்தவரின் நள்ளிரவு 12 மணி, சரியான மண்டலத்தில் முந்தின நாள் இரவு 11.30 ஆகத்தான் வரும். பிறந்த தேதியை நேரமாக வைக்காமல் '1975-03-08' என்று வெறும் எழுத்தாக வைத்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. யார் கேட்கிறார்கள்!

கெப்போங்கிலிருந்து: தரவெல்லாம் வந்துவிட்டது, ஆனால் செயலியால் லாகின் செய்ய முடியவில்லை.

பயனர் கணக்குகள் அட்மின் டேட்டாபேஸில் இருக்கும். ஒரே ஒரு டேட்டாபேஸை மட்டும் டம்ப் எடுத்தால் அவை வராது. புதிதாக உருவாக்குவதுதான் சுலபம்.

சிராஸிலிருந்து: பெரிய கலெக்‌ஷன் ஒன்று 100 சதவீதம் காட்டிவிட்டு அப்படியே நிற்கிறது. கன்ட்ரோல் சி போட்டுவிடட்டுமா?

போடாதீர்கள். தரவு ஏறிய பிறகுதான் இண்டெக்ஸ் கட்டும், அதற்குச் சதவீதம் ஓடாது. இன்னொரு டெர்மினலில் மோங்கோஷெல் திறந்து 'டிபி.கரன்ட்ஆப்()' பாருங்கள், இண்டெக்ஸ் கட்டும் வேலை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அங்கே தெரியும். அடுத்த முறை அவசரமென்றால் --நோஇண்டெக்ஸ்ரெஸ்டோர் போட்டு முதலில் தரவை மட்டும் ஏற்றிவிட்டு, இண்டெக்ஸை இரவில் கட்டிக்கொள்ளலாம். அதுவரை தேடல் ஆமை வேகத்தில்தான் இருக்கும், கவுன்டரில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.