கூப்பிட்டோம் என்ற பேருக்காக ஒரு நேர்காணல்?

கேள்வி: எங்கள் சபைக்குப் புதிய போதகரைத் தேடும் கமிட்டியில் ஏழு பேர் இருக்கிறோம். நான் மட்டும்தான் பெண். மற்ற ஆறு பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஐந்து விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. விண்ணப்பித்தவர்களில் ஒருவர் பெண், ஒருவர் ஊன்றுகோல் வைத்து நடக்கிறவர். "ரெண்டு பேரையும் நேர்காணலுக்குக் கூப்பிட்டுடுவோம், அப்புறம் யாரும் நம்மைக் குறை சொல்ல முடியாது" என்கிறார் ஒரு மூப்பர். இன்னொருவரோ, "ஆண், பெண், மொழி, நிறமெல்லாம் உலகத்தார் பேச்சு. தகுதியை மட்டும் பார்ப்போம், மற்றதைக் கர்த்தர் காட்டுவார்" என்கிறார். எனக்கு இரண்டுமே உறுத்துகிறது. நான் என்ன சொல்லட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உறுத்த வேண்டியதுதான். முதல் மூப்பர் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபமே வருகிறது. ஒரு பெண் பல நாள் ஜெபித்து, பிரசங்கம் தயாரித்து, பயணம் செய்து வந்து உங்கள் முன் உட்காருவார். முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டது என்பது அவருக்கு மட்டும் தெரியாது. உங்கள் திருச்சபைச் சட்டம் பெண்களுக்குக் குருப்பட்டம் தருவதில்லை என்றால், அதை இன்றே அவருக்கு மரியாதையாக எழுதிவிடுங்கள். தருகிறது என்றால், தேர்வாகக்கூடியவர் என்று நினைத்துக் கூப்பிடுங்கள்.

இரண்டாமவர் பேச்சு காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தகுதியை எழுதியது யார்? நானும் ஒருமுறை இப்படியொரு கமிட்டியில் இருந்தேன். எங்கள் அறிவிப்பில் 'மணமானவர், 45 வயதுக்குட்பட்டவர், மனைவி ஞாயிறு பள்ளியில் உதவக்கூடியவராக இருத்தல் நலம்' என்று போட்டோம். பெண்கள், மணமாகாதவர்கள், மனைவியை இழந்தவர்கள் எல்லாரும் அந்த ஒரே வரியில் வெளியே போனார்கள். எங்களில் யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. விட்டுப்போன போதகரையே, அவர் மனைவியோடு சேர்த்து, வர்ணித்து வைத்திருந்தோம், அவ்வளவுதான். (அந்த அம்மா கீபோர்டு வேறு வாசிப்பார். நல்லவேளை, அதை எழுதவில்லை.) உங்கள் அறிவிப்பையும் எடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

'உலகத்தார் பேச்சு' என்கிறவருக்கு அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை நினைவூட்டுங்கள். கிரேக்கு பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், விடுபட்டுப் போகிறார்கள், முறுமுறுப்பு எழுகிறது. மொழியைப் பார்க்காதீர்கள் என்று அப்போஸ்தலர்கள் அதட்டவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும்படி சபையாரிடமே விட்டார்கள். தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேருடைய பெயரும் கிரேக்கப் பெயர். அவர்களில் நிக்கொலா பிறப்பால் யூதர்கூட இல்லை. அதற்காகத் தகுதியையும் குறைக்கவில்லை: நற்சாட்சி, பரிசுத்த ஆவி, ஞானம் மூன்றும் கேட்டார்கள். யார் வீட்டில் குறை இருந்ததோ அந்தப் பக்கத்து ஆட்கள் கைக்கே பொறுப்பும் போனது.

ஆகவே வேட்பாளர்களைப் பார்ப்பதற்கு முன்னால் கமிட்டியைப் பாருங்கள். ஆராதனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருப்பார்கள், கமிட்டியில் நீங்கள் ஒருவர்தான். இளைஞர் ஒருவரையும், வழக்கமாகப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகிற ஒருவரையும் சேர்க்க விதி இடம் தருகிறதா என்று கேளுங்கள். ஓட்டுரிமை தர முடியாவிட்டாலும், எப்படிப்பட்ட போதகர் வேண்டும் என்று அவர்களிடம் ஒரு மாலை உட்கார்ந்து கேட்கலாமே.

நேர்காணலில் ஐந்து பேருக்கும் ஒரே கேள்விகள். 'பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?' என்று அந்தப் பெண்ணிடம் கேட்டால் மற்ற நால்வரிடமும் கேட்க வேண்டும். கேட்கச் சங்கடமாக இருந்தால் அந்தக் கேள்வியையே எடுத்துவிடுங்கள். இத்தனைக்கும் பிறகு மற்ற மூவரில் ஒருவர்தான் தேர்வாகிறார் என்றால், அதில் தவறே இல்லை.

அதைவிட எனக்குக் கவலை, தேர்வுக்கு அப்புறம் நடப்பதைப் பற்றித்தான். சாமுவேல் அஜாயி குரோதரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, கப்பலிலிருந்து மீட்கப்பட்டு, 1864இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயரானவர். வேதாகமத்தை மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மொழிக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு அவருடையது. அப்படிப்பட்டவரின் முதுமையில், ஐரோப்பாவிலிருந்து வந்த இளம் மிஷனரிகள் அவருடைய ஊழியர்கள் மேல் குற்றம் அடுக்கி, அதிகாரத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். மனமுடைந்தவர் 1891இன் கடைசி நாளில் இறந்தார். அவர் இடத்துக்கு ஓர் ஐரோப்பியரையே கொண்டுவந்தார்கள். இத்தனைக்கும் குரோதரை நாற்காலியில் உட்காரவைத்தபோது கைதட்டலுக்குக் குறைவிருக்கவில்லை. அவர் பக்கத்தில் நிற்கத்தான் போதிய ஆளில்லை.

அதனால் அடுத்த கூட்டத்தில் இதையும் கேளுங்கள்: "நாம் வழக்கமாகத் தேர்ந்தெடுக்காத ஒருவர் வந்தால், முதல் வருடம் அவர் மேல் வரும் புகாரை யார் முதலில் கேட்பது? அவரிடம் நேரில் பேசாமல் மேலே மொட்டைக்கடிதம் போட்டால் நாம் என்ன செய்வோம்?" பதிலைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஊன்றுகோல் வைத்திருக்கும் அந்தச் சகோதரர். படி ஏற முடியுமா என்று அவரைக் கேட்க வேண்டாம், என்ன ஏற்பாடு வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு முன் நீங்களே போய்ப் பிரசங்க பீடத்துக்கு எத்தனை படி, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே ஒரு தச்சரைக் கூப்பிடலாம். அவர் தேர்வாகாவிட்டாலும், கமிட்டியில் அறுபதைத் தாண்டிய ஆறு பேர் இருக்கிறார்களே, பிடித்துக்கொள்ளட்டும்.